புத்தகப் பையோடு யார் மயானத்துக்குப் போவார்?

(இந்த வாரக் கேள்விகள் எல்லாம் திருவேற்காடு வாசகர்களுடையவை.)

? யாழ்ப்பாணம் செம்மணிப் புதைகுழி மர்மம் எப்போது விலகும்?

! 1998லேயே பாதி விலகிவிட்டதே! மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற இலங்கை ராணுவச் சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300, 400 பேர் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999இல் தோண்டினார்கள், 15 உடல்கள். அத்தோடு கீழே வைத்த மண்வெட்டியைக் கால் நூற்றாண்டாக யாரும் தொடவில்லை.

? பிறகு எந்தப் புலனாய்வுத் துறை கண்டுபிடித்தது?

! கட்டட வேலைத் துறை! 2025 பிப்ரவரியில், செம்மணி அருகே, யாழ்ப்பாண நகரை ஒட்டிய அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக்குக் குழி தோண்டினார்கள். எலும்பு வந்தது. நீதிமன்ற மேற்பார்வையில் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ குழுவினர் அகழ, செப்டம்பருக்குள் எலும்புக்கூடுகள் 200ஐத் தாண்டிவிட்டன.

? மயானத்தில் எலும்பு கிடைப்பதில் என்ன அதிசயம்?

! வக்கீலுக்குப் படித்தவரோ? முறையாக அடக்கம் செய்தால் ஆளுக்கொரு குழி, ஆழமான குழி. இங்கே மேலாகத் தோண்டிய குழிகளில் ஒழுங்கில்லாமல் கிடந்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். பொம்மை இருந்தது. நீல நிறப் பள்ளிக்கூடப் பை இருந்தது. அடக்கத்துக்குப் புத்தகப் பையோடு யாரை அனுப்புவோம், சொல்லுங்கள்.

? மன்னாரில் கிடைத்தவை பழங்கால எலும்புகள் என்றார்களே?

! ஆமாம். 2018இல் அங்கே அரசு அங்காடியான சதொசவின் கட்டட இடத்தில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. சில மாதிரிகளைச் சோதித்த அமெரிக்க ஆய்வகம், 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை என்றது. பலருக்கு மூச்சு வந்தது. செம்மணியில் அந்த வசதி இல்லை. அங்கே கிடைத்த அந்த நீலப் பை யுனிசெஃப் பை. போர்த்துக்கீசர் காலத்தில் அதை யார் விநியோகித்தார்கள்?

? எங்கள் ஊரில் அஸ்திவாரம் தோண்டும்போது எலும்பு வந்தால்?

! மேஸ்திரி கருமாரியம்மன் கோயிலுக்கு ஓடுவார். நீங்கள் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

? காணாமல் போனவர்களைத் தேட இலங்கையில் ஓர் அலுவலகமே உண்டாமே?

! உண்டு, 2018 முதல். அது இன்னும் காணாமல் போகவில்லை.

? இறந்தவர்கள் யார், புதைத்தவர்கள் யார் என்று தெரிய என்ன வழி?

! முதலாவதற்கு உறவினர்களின் மரபணு மாதிரி வேண்டும், வருடங்கள் பிடிக்கும். இரண்டாவது சுலபம். கிருஷாந்தி கொல்லப்பட்ட 1996இல் செம்மணிக் காவலரணில் யார் யார் பணியில் இருந்தார்கள்? ராணுவம் சம்பளம் போட்டிருக்குமல்லவா? அந்தப் பட்டியலை எடுக்க மண்வெட்டி வேண்டாம்.