கொட்டியாரத்துக் கைதியும் கோட்டுக் கஞ்சாவும்

கஞ்சா மருந்து என்று வெள்ளைக்காரனுக்குச் சொல்லிக் கொடுத்தது இலங்கை. அதே கஞ்சா அபாயம் என்று இலங்கைக்குச் சொல்லிக் கொடுத்தது வெள்ளைக்காரன். ரெண்டு பேரும் ரெண்டு தரமும் நம்பினார்கள் என்பதுதான் கூத்து.

1660இல் 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பல், புயலில் பாய்மரத்தைப் பறிகொடுத்து, திருத்திக்கொண்டு போகலாமென்று கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. இன்றைய மூதூர்ப் பக்கம். கப்டன் நொக்ஸ் புளிய மரத்தடியில் ஆறுதலாக இருந்தபோது கண்டி ராஜாவின் ஆட்கள் வந்து, மிச்சம் மரியாதையாகப் பேசி, பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மகன் ரொபர்ட் நொக்ஸும் அகப்பட்டான். தகப்பன் அடுத்த வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மகன் பத்தொன்பது வருஷம் ராஜாவின் விருந்தாளி. சாப்பாட்டுச் செலவு ஊராருடையது. சும்மா இருக்கிற ஆளில்லை நொக்ஸ். தொப்பி பின்னி விற்றான். நெல்லை வருஷத்துக்கு 50 வீத வட்டிக்குக் கொடுத்தான். நம்மூர்ப் பள்ளிவாசல் மிம்பரில் இவனைப் பற்றி ஒரு குத்பாவே ஓதலாம்.

தப்பியோட வழி பார்த்து வடக்கே யாவாரம் போன காலத்தில்தான் தண்ணீர் அவனைக் கவிழ்த்தது. காட்டுக் குளத்தில் மாடு புரண்டு எழும்பின சேற்றைத்தான் குடிக்கவேண்டும். காய்ச்சலும் வயிற்று நோவும். ஊர்க்காரர் ஒரு கைமருந்து சொன்னார்கள்: கஞ்சா இலையைக் காயவைத்து, இடித்து, கருப்பட்டியோடு உருட்டி, காலையும் மாலையும் வெறும் வயிற்றில். தலை சுற்றும், வேறு தொந்தரவில்லை என்று 1681இல் வந்த தன் புத்தகத்தில் அவனே எழுதியிருக்கிறான். கஞ்சாவுக்கு இங்கிலாந்தில் கிடைத்த முதல் நற்சான்றுகளில் ஒன்று, நம்முடைய சேற்றுத் தண்ணீர் எழுதிக் கொடுத்தது.

லண்டனுக்குப் போன நொக்ஸுக்கு கோப்பிக்கடைச் சிநேகிதன் ஒருவர் இருந்தார்: ரொபர்ட் ஹூக். நுணுக்குக்காட்டியில் தக்கைத் துண்டைப் பார்த்து 'செல்' என்று பேர் வைத்தவர். நியூட்டனோடு மல்லுக்கு நின்றவர். 1689 டிசம்பர் 18 அன்று ராயல் சொசைட்டியில் அவர் கஞ்சாவைப் பற்றிப் பேசினார். தின்றவன் சிரிப்பான், பாடுவான், தூங்குவான், எழும்பிப் பசி என்பான், செய்தது ஒன்றும் ஞாபகமிராது என்றார். பைத்தியத்துக்குக்கூட இது மருந்தாகலாம் என்று ஒரு யோசனையும் சொல்லிவைத்தார். இந்தப் பைத்தியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1839இல் கல்கத்தாவில் ஓஷோனசி என்ற ஐரிஷ் டொக்டர், மனிதனுக்குக் கொடுக்க முந்தி பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நாய் மயங்கிக் கிடந்து, வாலாட்டி, எழும்பி அவதி அவதியாகத் தின்றது. மீன், பூனை, காகம், கழுகு எல்லாம் போதையில் ஆடின. ஆடு, மாடு, குதிரை, குரங்குக்கு அவ்வளவாக ஒன்றுமில்லை. கல்முனை பஸாரில் சிமெந்துப் பையைத் தின்றுவிட்டு அசையாமல் நிற்கிற ஆட்டைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. ஓஷோனசி வாதத்துக்கும் வலிப்புக்கும் ஏற்புவலிக்கும் கொடுத்துப் பார்த்து எழுத, விக்டோரியா காலத்து லண்டன் பாமஸிகளில் கஞ்சாக் கஷாயம் போத்தலில் ஏறியது.

பிறகு யாரோ கேட்டார்கள்: இது பைத்தியமாக்குமா? விசாரிக்க 1893இல் இந்தியாவில் ஓர் ஆணைக்குழு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள், ஏழு தொகுதி, மூவாயிரம் பக்கத்துக்கு மேல். பைத்திய ஆசுபத்திரிப் பதிவுகளைத் தோண்டினபோது ஒரு விசயம் வெளிச்சமானது. 'நோய்க்குக் காரணம்' என்ற கட்டத்தை நிரப்பியது பெரும்பாலும் ஆளைப் பிடித்துக்கொண்டு வந்த பொலிஸ். காரணம் தெரியாவிட்டால் 'கஞ்சா' என்று எழுதிவிடுவது சுகம். அளவோடு பாவித்தால் பெரிய கேடில்லை என்று ஆணைக்குழு முடித்தது. மூவாயிரம் பக்கத்தை வாசிக்க யாருக்கு நேரம்? எல்லாம் அலுமாரிக்குப் போயின.

1924-25இல் ஜெனீவாவில் அபினுக்காக மகாநாடு. எகிப்துப் பிரதிநிதி எல்-குயிண்டி எழும்பி, எங்கள் நாட்டுப் பைத்தியத்தில் 30 முதல் 60 வீதம் ஹஷீஷால், அதாவது கஞ்சாப் பிசினால், என்றார். முப்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் எவ்வளவு பைத்தியம் அடங்கும் என்று சபையில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. எகிப்துக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் ஸூதூன் என்ற அமீர், ஹஷீஷ் தின்றவர்களின் பல்லைப் பிடுங்கச் சொன்னதாக மக்ரீஸி எழுதிவைத்திருக்கிறார். தின்பவனும் குறையவில்லை, கெய்ரோவில் பொக்கை வாய்தான் கூடியிருக்கும். ஜெனீவா கையெழுத்தின் நிழலில் 1929இல் இலங்கைக்கும் நஞ்சு, அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச்சட்டம் வந்தது. இன்றைக்கும் நம்மை ஆளுவது, பல தரம் ஒட்டுப்போட்ட அதே கிழட்டுச் சட்டம்.

1961 இன்னும் விசேஷம். நியூயோர்க்கில் உலக நாடுகள் கூடி, கஞ்சாவை ஹெரோயினோடு சேர்த்து நாலாம் அட்டவணையில் போட்டன: அபாயம் மெத்த, மருத்துவப் பயன் சொற்பம் என்று. அதே வருஷம் கொழும்பில் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் வந்தது. சித்த வைத்தியம், யூனானி எல்லாம் அதற்குள் அடக்கம். கஞ்சா சேர்கிற மருந்தைச் செய்ய வைத்தியருக்கு வழியும் இருந்தது. ஆக, ஒரே செடி நியூயோர்க்கில் விஷம், கொழும்பில் லேகியம்.

சரி, லேகியத்துக்குக் கஞ்சா எங்கே? உள்ளூர்த் தேவைக்கு வளர்க்க விடாத நாட்டில் ஒரே தோட்டம் நீதிமன்றக் களஞ்சியம்தான். மொனராகலைச் சேனையில் பொலிஸ் பிடுங்கும், சீல் வைக்கும், அரச பகுப்பாய்வாளர் இது கஞ்சாதான் என்று எழுதித் தருவார், வழக்கு தவணைக்கு மேல் தவணை போகும், தீர்ப்பான பிறகு மிச்சம் ஆயுர்வேதத்துக்கு. வந்து சேர நாலைந்து வருஷமாகி வீரியம் செத்துப்போகிறது என்று சுகாதார அமைச்சராக இருந்த ராஜித சேனாரத்னவே முறைப்பட்டு, இங்கிரியவில் 100 ஏக்கரில் அரசாங்கமே பயிரிடும் என்றார். எங்கள் பக்கத்துப் பரிசாரியார் ஒருவரிடம் இதைச் சொன்னேன். இஞ்சி இடித்த உரலைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"மகன், அஞ்சு வருஷத்துக் கருவாட்டையே மனிசன் தின்னமாட்டான். வாதக்காரனுக்கு வழக்குச் சாமானையா குடுக்கச் சொல்றாங்க?"

இதற்கிடையில் கஞ்சா சேர்கிற மதன மோதகம் கடைகளில் உருண்டு திரிகிறது. கறுத்த பிசுபிசு உருண்டை, மேலே மினுங்கும் தாள். பதிவுள்ளது மருந்து, பதிவில்லாதது பள்ளிக்கூட மதிலோரத்தில் பிடிபட்டு அடுத்த நாள் பேப்பரில் வரும். தின்றவனுக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் லேபிளில் இருக்கிறது.

2020 டிசம்பர் 2 அன்று வியன்னாவில் ஐ.நா. வாக்கெடுப்பு. கஞ்சாவை நாலாம் அட்டவணையிலிருந்து எடுக்க 27 நாடு, வேண்டாமென்று 25, உக்ரைன் நடுவில். இந்தியா எடுக்கச் சொன்னது. அறுபது வருஷத்து நாலாம் அட்டவணை ரெண்டு வாக்கில் கவிழ்ந்தது. நம்ம ஊரில் பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவுகூட இதைவிடக் காரமாக நடக்கும். 1961இலேயே சேர்த்துப் போட்ட முதலாம் அட்டவணையில் அது இன்னும் இருக்கிறதென்பதைக் கொண்டாடினவர்கள் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு கஞ்சா நமக்கு டொலர் மரமானது. எம்.பி.யாக இருந்த டயானா கமகே பாராளுமன்றத்தில் கஞ்சாவுக்காகக் குரல் கொடுத்தார். 2023 வரவுசெலவுத் திட்டத்தில் ஏற்றுமதிக்குப் பயிரிடுவதை ஆராய நிபுணர் குழு என்றார் அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணில். 2024 மே மாதம் டயானாவின் ஆசனம் உயர் நீதிமன்றத்தில் பறிபோனது, கஞ்சாவுக்காக அல்ல, பிரித்தானியக் குடியுரிமைக்காக. 2025இல் மீரிகமவில் 64 ஏக்கரில் ஏழு வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு அனுமதி. முழுக்க ஏற்றுமதிக்கு. உள்ளூரில் ஒரு செடி நட்டால் பழையபடி பொலிஸ்.

ஜெர்மனியில் 2017 முதல் டொக்டர் எழுதிக் கொடுத்தால் கஞ்சா பாமஸியில் கிடைக்கும். நிந்தவூர் மூத்தப்பாவுக்கு முழங்கால் வாதமென்றால் மீரிகமவுக்குப் போய்ப் பிரயோசனமில்லை. பிராங்பர்ட்டுக்கு விசா எடுக்கவேண்டும். இதையும் பரிசாரியாரிடம் சொன்னேன்.

"விசா ஒபீசில முழங்காலைக் காட்டினாப் போதுமா, இல்லாட்டி பேங்க் புத்தகமும் கேப்பாங்களா?" என்றார்.