சேவூர் – பழனி பாதயாத்திரையில் தோள்பையின் எடை: ஒரு முதற்கட்ட ஆய்வு

அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா பக்கத்துப் பாலைவனப் பள்ளத்தாக்குகளில் நாலைந்து நாள் நடந்தே சுற்றிவருகிறவர்கள், பையின் எடையைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார்கள். சோறு, தண்ணீர் நீங்கலாகப் பை நாலரைக் கிலோவைத் தாண்டக்கூடாது என்பது அவர்களில் ஒரு சாராரின் சித்தாந்தம். அதற்காகப் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்தெறிந்தவர்களும் உண்டு. தைப்பூசத்துக்குச் சேவூரிலிருந்து பழனிக்கு நடக்கும் சாமியின் பைக்கு இப்படியொரு மரியாதை கிடைக்கவில்லை. அறிவுலகின் இந்தக் குறையைப் போக்க இக்கட்டுரை முன்வருகிறது.

ஆய்வுக்களம்: வாலீஸ்வரர் கோயில் வாசலில் கிளம்பி அவிநாசி, திருப்பூர், கொடுவாய், தாராபுரம் வழியாகப் பழனி; சுமார் நூறு கி.மீ. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பிரதேசம். ஆண்டு மழை 250 மி.மீ.க்குள் இருந்தால்தான் பாலைவனம் என்பார்கள். நம் பக்கம் அதைப்போல் இருமடங்குக்கு மேல் பெய்துவிடுவதால் அந்தப் பட்டம் நமக்குக் கிட்டவில்லை. மத்தியான வெயிலில் தாராபுரம் ரோட்டில் செருப்பில்லாமல் போகிறவரிடம் இந்தப் புள்ளிவிவரத்தை எடுத்துச் சொல்லாமல் இருப்பது ஆய்வாளரின் உடம்புக்கு நல்லது.

பை என்பது பெரும்பாலும் மகனின் பழைய பள்ளிக்கூடப் பை, இல்லாவிட்டால் மஞ்சப்பை. உள்ளே மாற்று வேட்டி, துண்டு, திருப்பூர்க்காரர் என்ற தகுதியில் செகண்ட்ஸ் டி-ஷர்ட் இரண்டு, தைலம், சார்ஜர், பெட்ஷீட், கொப்புளத்தில் கோத்துவிட ஊசி நூல். தின்பதற்கு வறுத்த கடலை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை ஏலம் நடக்கிற ஊரில் வேறு எதைக் கட்டிக்கொடுப்பார்கள்? 100 கிராமில் சுமார் 570 கலோரி. குறைந்த எடையில் நிறையத் தெம்பு வேண்டுமென்று தேடித் தேடிப் பள்ளத்தாக்குக்காரர்களும் கடைசியில் இந்தக் கடலைக்குத்தான் வந்துசேர்கிறார்கள்.

தண்ணீரில்தான் இரு மரபுகளும் பிரிகின்றன. பாலைவனத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர்; லிட்டருக்கு ஒரு கிலோ. இரண்டு நாள் ஊற்றே இல்லையென்றால் முதுகில் எட்டுக் கிலோ தண்ணீர். ஊற்று கிடைத்தால் வடிகட்டி வைத்துக் கிருமியை நீக்கிக் குடித்துக்கொள்வார்கள். நம் வழியில் திருப்பூரிலேயே நொய்யல் குறுக்கிடுகிறது. ஆனால் அந்த வடிகட்டி கிருமியைத்தான் பிடிக்கும், கரைந்திருக்கும் சாயத்தையும் உப்பையும் பிடிக்காது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்ன ஆறு அது.

இருந்தும் சாமியின் பையில் அரை லிட்டர் பாட்டிலுக்கு மேல் இருப்பதில்லை. அதுவும் முகம் கழுவ. காரணம், கொடுவாய் தாண்டி ஒரு பந்தலில் காதில் விழுந்தது:

"மோர் குடிச்சுப்போட்டுப் போங்க சாமி."

"வேண்டாங்க, இப்பத்தான் அந்தப் பந்தல்ல குடிச்சோம்."

"அது அவங்க மோருங்க. இது எங்களுது."

இந்த வாதத்துக்கு மறுப்பு கிடையாது. குடித்தார். கிளம்பும்போது பையின் பக்கவாட்டில் இரண்டு வாழைப்பழம் செருகப்பட்டது. அடுத்த பந்தலில் பிஸ்கட், அதற்கடுத்ததில் பொட்டலம் சாதம். இதிலிருந்து பெறப்படும் விதி: பள்ளத்தாக்குப் பை போகப் போக இளைக்கும், பழனிப் பை போகப் போகப் பெருக்கும். ஆளில்லாத நிலத்தில் சுமையைத் தின்றுதான் குறைக்கமுடியும். ஆள் இருக்கும் நிலத்தில் தின்றாலும் குறையாது.

பழனியில் விதி உச்சத்தைத் தொடுகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பஞ்சாமிர்தம் மாமனார் வீட்டுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று, லீவு கொடுத்த சூப்பர்வைசருக்கு ஒன்று, லீவு கொடுக்க மறுத்த சூப்பர்வைசருக்கு இரண்டு. (மலைமேல் ஓர் இரவு தங்கும் உரிமையுள்ள எடப்பாடி காவடிக் குழுவினர் டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாரிக்கிறவர்கள். தோள்பை அளவுகோலுக்குள் அடங்காததால் அவர்களை இவ்வாய்வில் சேர்க்கவில்லை.)

கிளம்பிய இடத்துக்கே நடந்து திரும்பினால்தான் சுற்று முழுமை பெறும் என்பது பள்ளத்தாக்குக்காரர்களின் கொள்கை. சேவூர்க் கொள்கைப்படி பஸ்ஸில் திரும்பினாலும் சுற்று சுற்றுதான். இதை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. வீங்கிய காலைப் பார்த்தவர் எவரும் ஏற்பார். சிக்கல் அளவீட்டில் வருகிறது. திருப்பூர் பஸ்ஸில் நிற்க மட்டுமே இடம். பை உச்ச எடையில் இருக்கும் அந்த நேரத்தில், உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் கை நீட்டுகிறார்: "குடுங்க சாமி, மடியில வெச்சுக்கறேன்." ஆக, அதிகபட்சச் சுமையைச் சுமந்தவராக யார் பெயரைப் பதிவு செய்வது?

தாராபுரம் வருமுன்பே அவர் இன்னொரு தகவலும் தந்தார்: "சாமி, டப்பா ஒழுகுதுங்க."

கசிவினால் ஏற்பட்ட எடைக்குறைவும், அந்தச் சேலையில் ஏற்பட்ட எடைக்கூடுதலும் இவ்வாய்வில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.