பிறந்தநாளுக்கு இசைவாணை வேண்டி

பெறுநர்: தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கிண்டி, சென்னை.

பொருள்: குழந்தைகளின் பிறந்தநாள் 'ரிட்டர்ன் கிஃப்ட்' – வகைப்படுத்தி ஆணையிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பை இல்லை. அரசாணையே சொல்வதால் நாங்களும் நம்புகிறோம். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்றீர்கள். கொங்குச் சீமையை விட்டு அது எங்கேயும் போயிருக்கவில்லை, ஆனாலும் வரவேற்றோம்.

இப்போது சிக்கல் பைக்குள்ளே. பிறந்தநாளுக்குப் போய்வரும் பிள்ளையின் பையில் மூடாத பென்சில் டப்பா, ஒருதரம் கத்திவிட்டு ஊமையாகும் பீப்பி, இருட்டுவதற்குள் சக்கரம் கழலும் கார். பைக்குத்தான் தடை, சரக்குக்கு இல்லை. 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசு பலூன் குச்சியைத் தடை செய்தது, பலூன் தப்பித்துக்கொண்டது. 2021இலிருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்தப் பீப்பியில் முத்திரை குத்த இடமில்லை, பாவம்.

ஆகவே பிறந்தநாள் விழாவையும் ஓர் ஆலையாகக் கருதி, மாசின் அளவைப் பார்த்து ஆலைகளைப் பிரிக்கும் உங்கள் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளைப் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறோம். ஆலைக் கழிவு எங்களுக்குப் புதிதல்ல. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியானதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்றம், சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்றது. அதே விதி இங்கேயும் இருக்கட்டும். கொடுத்த பரிசு ஒரே வாரத்தில் குப்பைவண்டி ஏறினால் அந்த வீட்டு மின் இணைப்பைத் துண்டிக்கலாம். கேக் வெட்டி முடித்த பிறகு.

மாற்று என்ன என்பீர்கள். போர்வையும் துண்டும் நெய்து பேர் வாங்கிய ஊர் எங்கள் சென்னிமலை. இரண்டையும் கைத்தறிக்கென்றே 1985இல் சட்டம் போட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். அப்படியும் தறிச்சத்தம் கேட்கும் தெருவிலேயே பீப்பி விநியோகம் நடக்கிறது. பிள்ளை கைக்கு அடங்குகிற ஒரு குட்டித் துண்டு போதும். அதன் ஓரத்தில் பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளையின் பேரை விட்டுவிட்டு, வாங்கிப் போகிற பிள்ளையின் பேரைப் பின்னித் தரலாம். இன்னும் நல்லது, வந்த வாண்டுகளைத் தறிக்குழியில் உட்காரவைத்து நாடாவை இரண்டு தரம் ஓட்டவிடுவது. மிதியில் கால் எட்டாதுதான். நெசவுக்காரர் மடியில் உட்காரட்டும். படித்த கதைப்புத்தகத்தை ஆளுக்கொன்று கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். கடலை மிட்டாய் கொடுத்தால் கழிவே கிடையாது. இவையெல்லாம் வெள்ளை வகை, இசைவாணையே தேவைப்படாது.

பிறகு எதற்கு இந்தக் கடிதம்? இதெல்லாம் எங்கள் ஊர்ப் பெற்றோருக்குத் தெரியாததில்லை. ஆனால் சீர்த்தட்டை எண்ணிப் பழகிய ஊருங்க இது. எதிர்வீட்டில் நாலு சாமான் கொடுத்திருந்தால் நாம் அஞ்சு கொடுக்க வேண்டும். வெறும் துண்டைக் கொடுத்தால், "முடை போல இருக்குது" என்று பேச்சு வரும். "அரசாங்கம் கூடாதுன்னுருச்சுங்க" என்று சொல்ல முடிந்தால் மானமும் தப்பும், பணமும் மிஞ்சும். அந்தச் சாக்கு ஒன்றைத்தான் கேட்கிறோம்.

என் மகளுக்கு ஆவணியில் பிறந்தநாள். சுற்றறிக்கையை ஆடி முடிவதற்குள் அனுப்பிவைத்தால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
பீப்பி வாங்கக் கிளம்பிக்கொண்டிருக்கும் ஒரு தகப்பன்,
சென்னிமலை.