அசையாமல் நின்றால் சணல் சுற்றப்படும்

என் ஆணி பாட்டிலைக் காணோம்.

பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். கண்ணாடி, கையில் எடுத்தால் கனம் தெரியும். உள்ளே ஒன்றரை இஞ்ச் ஆணி, இரண்டு இஞ்ச் ஆணி, தலை தேய்ந்த ஸ்க்ரூ, எதிலிருந்து கழன்றது என்று யாருக்குமே தெரியாத ஒரு நட்டு, பூட்டு தொலைந்துபோன சைக்கிள் சாவி. மூடியைத் திறக்காமலே எது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். கண்ணாடிக்கு அதுதானே வேலை? இப்போது அது ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில், கழுத்து வரைக்கும் சணல் சுற்றிக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் ரோஜாவோடு மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

"உள்ள இருந்த ஆணியெல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டேன். லீவுக்குச் சென்னையிலிருந்து வந்திருக்கும் அக்கா மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "பத்திரமா வெச்சிருக்கேன் மாமா" என்றாள். நம் வீடுகளில் பத்திரமாக வைத்த பொருள் திரும்பக் கிடைத்ததாகச் சரித்திரம் கிடையாது.

இந்த நேரம் பார்த்துத்தான் பத்திரிகையிலிருந்து போன் வந்தது. வீட்டில் கிடக்கிற பழைய சாமானை வைத்து ஏதாவது ஒன்று செய்வது எப்படி என்று படிப்படியாக எழுத வேண்டுமாம். "நீங்க வானூர்க்காரர், ஆரோவில் பக்கத்துலயே இருக்கு, உங்களுக்குத் தெரியாததா?" என்றார்கள். தெரியும். சுலபமான ஒன்றைச் சொல்கிறேன். பைசா செலவில்லை, சின்னக் குழந்தையும் செய்யலாம். செய்முறை கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் இந்தச் சணல் சங்கதியைக் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

நீங்களும் அந்த வீடியோக்களைப் பார்த்தவர்தான், மறுக்க வேண்டாம். இரண்டு கை மட்டும் வரும், முகம் வராது. அந்தக் கைகளுக்கு அடுப்பில் பால் பொங்குவதில்லை, கரண்ட் போவதில்லை, வாசலில் தண்ணி கேன்காரர் கூப்பிடுவதில்லை. முதலில் ஒரு பாட்டில், பிறகு பசை, பிறகு சணல். கீழேயிருந்து மேலே சுற்றிக்கொண்டே போகும். பாட்டில் முடிந்ததும் தகர டப்பா, அதற்கும் சணல். டப்பா முடிந்ததும் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி, சணல். பாட்டு நின்றுபோன சி.டி., சணல். டிஷ்யூ ரோலுக்கு நடுவில் வரும் அட்டைக்குழல், சணல். எங்கள் வீட்டில் அந்தக் குழலுக்கு ஏது வழி? ஆகவே அதற்கென்றே ஒரு ரோல் வாங்கி வந்து, காகிதத்தையெல்லாம் உருவி ஒரு மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டுக் குழலை எடுத்தார்கள். மூட்டை இன்னும் பரணில் இருக்கிறது. அதற்கும் வீடியோ இருக்குமாம்.

பாட்டில் ஸ்டாக் தீர்ந்ததும் சணல் வீட்டுக்குள் படையெடுத்தது. முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டத்தைச் சுற்றியது. சுவிட்ச் போர்டைச் சுற்றியது. இப்போது ஃபேன் போட வேண்டுமென்றால் நாருக்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டும். ரிமோட்டுக்கு ஒரு கூடு. பேனாவுக்கு ஒரு குடுவை. அதில் எழுதாத பேனா மட்டும் ஏழெட்டு. மண்பானைக்குச் சணலில் ஒட்டியாணம். சாமி அறைத் தீப்பெட்டிக்குக்கூடச் சணலைச் சுற்றி மருந்துப் பக்கத்தை மூடிவிட்டார்கள். விளக்கேற்ற இப்போது லைட்டர். ஒருநாள் மத்தியானம் கேஸ் சிலிண்டருக்கும் ஆரம்பித்தது. சிலிண்டர் மாற்ற வந்த தம்பி அதைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்று, "சார், இது எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். என் மாமியார் பகலில் திண்ணையில் சற்றுக் கண்ணயரும்போதுகூட ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். முன்னெச்சரிக்கை நல்லதுதான். இந்த வீட்டில் அசையாமல் இருப்பது ஆபத்து.

சணல் விளைகிற ஊர் வங்காளம். எங்கள் பக்கம் கிடைப்பது தென்னங்கயிறும் பனைநாரும். வீடியோவில் இரண்டுக்கும் மரியாதை இல்லை. இன்னொன்று, இங்கே வீசுவது மரக்காணத்து உப்பளங்களைத் தடவி வருகிற காற்று. நல்ல இரும்பையே அது விட்டு வைக்காது. சணலுக்கு உள்ளே இருக்கும் தகர டப்பா சத்தமில்லாமல் துருப்பிடிக்கிறது. துரு நாரில் ஊறி மேஜை விரிப்பில் பழுப்பாக இறங்குகிறது. ஐப்பசி அடைமழையில் மேலே பூஞ்சையும் பிடித்தது. காட்டினேன். "விண்டேஜ் லுக் மாமா" என்றாள்.

செலவைக் கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். தூக்கிப்போட வேண்டிய பாட்டிலைக் காப்பாற்ற ஒரு பசைத் துப்பாக்கி, அதற்குக் குச்சிகள், அக்ரிலிக் பெயிண்ட், பெயிண்டுக்கு முன் அடிக்க ஒன்று, பின் அடிக்க ஒன்று, தங்க நிறத்தில் தூள். எல்லாம் தனித்தனிப் பார்சலில் வருகிறது. பார்சலைப் பிரித்தால் அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போட மனசு வருமா? அதிலும் ஏதாவது செய்யலாமே. செய்யப் பசைக்குச்சி போதவில்லை. ஆர்டர் போட்டால் அதுவும் ஒரு பெட்டியில் வருகிறது. தபால்காரரும் கூரியர்காரரும் எங்கள் தெருமுனை டீக்கடையில் எனக்காக வருத்தப்படுவதாகக் கேள்வி.

இதையெல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிக்கலாமாம். அந்தப் பெயரிலேயே ஒரு சேனல் 2016-இல் வந்தது. நடத்தும் நிறுவனம் இருப்பது மத்தியதரைக் கடலில் சைப்ரஸ் தீவில். சைப்ரஸில் ஐந்து நிமிஷம் ஆவது வானூரில் விடியற்காலை ஒரு மணி வரைக்கும் இழுக்கிறது. அவசரமே இல்லாத கைவினையும் எங்கள் பக்கத்தில் உண்டு. திருவக்கரைக்குப் போய்ப் பாருங்கள். மரம் கல்லாகிக் கிடக்கிறது. அடிமரத்தின் முடிச்சுகூட அப்படியே தெரியும். பசை கிடையாது, பெயிண்ட் கிடையாது. மண்ணுக்குள் புதைந்து, ஊறிய தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இடம் பிடித்த வேலை. 2 கோடி ஆண்டு ஆயிற்று என்கிறார்கள் புவியியல்காரர்கள். சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-இலேயே இதைப் பற்றி எழுதினார். அக்கா மகளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கு மாமா, ரெசின் ஊத்தினா நம்மளும் இதே மாதிரி பண்ணலாம்" என்றாள்.

பழைய பொருளை மறுபடி பயன்படுத்துவதில் எனக்கு என்ன பகை? எங்கள் அம்மா பழைய பேப்பரைத் தண்ணீரில் ஊறப் போடுவார். நாறுகிற அளவுக்கு ஊறியதும் வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் போட்டு அரைப்பார். சிமெண்டு நிறத்தில் ஒரு கூழ் வரும். குடத்தைக் கவிழ்த்து, அதன் முதுகில் துணியை ஒட்டி, கூழைக் கைநிறைய அள்ளி அப்புவார். உள்ளங்கையால் தட்டித் தட்டி ஒரே கனமாக்குவார். வெயிலில் காய்ந்ததும் குடத்தை உருவினால் கூடை. வெந்தயம் பசையாகவும் பிடிக்கும், பூச்சியையும் அண்டவிடாது. அந்தக் கூடையில் தவிடு இருந்தது, மிளகாய் இருந்தது, ஒருமுறை பூனை குட்டி போட்டது. யாரும் அதைப் போட்டோ எடுக்கவில்லை. (நான் சொல்வதாகச் சொன்ன செய்முறை இது இல்லை. அது இதைவிடச் சுலபம்.)

என் எரிச்சல் என்னவென்றால், அன்றைக்கு வேலை போன பொருளுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். பெயிண்ட் வாளி குளியலறைக்கு வந்தது, அங்கே விரிசல் விட்டதும் மாட்டுக்குக் கழுநீர் சுமந்தது, அடி போனதும் கறிவேப்பிலைக் கன்றுக்கு வேலியானது. பதவி இறங்கிக்கொண்டே போகுமே தவிர ஓய்வு கிடையாது. அதற்கும் மேல் முடியாது என்றால் பேரீச்சம்பழக்காரரிடம் போய்ப் பழமாகத் திரும்பி வரும். இன்றைக்கோ, ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த பாட்டிலைப் பிடித்து, வேலையைப் பிடுங்கிக்கொண்டு, அலங்காரம் பண்ணிச் சும்மா உட்கார வைக்கிறார்கள். இதற்குப் பெயர் மறுபயன்பாடாம். எனக்கென்னவோ கட்டாய ஓய்வாகத்தான் படுகிறது.

அக்கா மகள் விடவில்லை. "ஆரோவில்ல பண்றாங்களே, அது மட்டும் என்ன மாமா?" என்றாள்.

அது வேறு. 2004 சுனாமி எங்கள் கடற்கரைக் குப்பங்களை வாரிக்கொண்டு போன பிறகு, உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிலையத்தில் மீனவப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து, தைத்து மிஞ்சிய துண்டுத்துணியில் விரல் நீளம்கூட இல்லாத பொம்மைகள் செய்தார்கள். சுனாமிகா என்று பெயர். விலை கிடையாது; அன்பளிப்பாகத்தான் ஊர் ஊராகப் போயிற்று. கடலைப் பார்க்கவே பயந்தவர்களின் கைக்கு அன்றைக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. வெல் பேப்பர் என்ற அமைப்பும் அதே சுனாமிக்குப் பிறகு வந்ததுதான். சுற்றுக் கிராமத்துப் பெண்கள் பழைய செய்தித்தாளைச் சுருட்டி, அழுத்தி, வளையம் வளையமாகச் சுற்றிக் கிண்ணமும் கூடையும் செய்தார்கள். அது வீட்டுக்கு வருமானம்.

தூரத்திலும் ஆள் உண்டு. சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர், 1957-இல் தொடங்கி, ஆபீஸ் முடிந்ததும் காட்டுக்குள் போய், உடைந்த வளையலையும் பீங்கானையும் வைத்து ரகசியமாக ஒரு ராஜ்ஜியமே கட்டினார். 1976-இல் அரசாங்கமே அதைத் திறந்து வைத்தது. வருஷக்கணக்காக வெளியே சொல்லாமல் செய்திருக்கிறார் மனிதர். எங்கள் வீட்டில் பாட்டிலின் கழுத்தை எட்டுவதற்குள் மூன்று ஸ்டேட்டஸ். ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வைத்து நாட்டிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தார். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் செய்தவை சுழலும், ஊதும், பறக்கும். எதற்கும் சணல் சுற்றியதாகத் தெரியவில்லை.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்கா மகள் என்னை ஆரோவில் போகும் வழியில் ஒரு பழைய சாமான் கடைக்குக் கூட்டிப்போனாள். செட்டிநாட்டுக் கதவு, தூண், ஊஞ்சல் பலகை எல்லாம் வரிசையாக நிற்கின்றன. யார் வீட்டுத் தாத்தா எடைக்குப் போட்டதோ! ஓரத்தில் ஓர் ஆட்டுக்கல். குழிக்குள் தண்ணீர், தண்ணீரில் மிதக்கும் மெழுகுவத்தி. விலையைக் கேட்டேன். கடைக்காரர் சொன்ன தொகைக்கு எங்கள் தெருவுக்கே கிரைண்டர் வாங்கிக் கொடுத்துவிடலாம். குழவி எங்கே என்றேன். "குழவி தனி சார், அது டோர் ஸ்டாப்பர்" என்றார்.

வீடு திரும்பும்போது அக்கா மகள் ரொம்ப நேரம் பேசவில்லை. கூட்ரோடு தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தாள்: "மாமா, பாட்டியோட ஆட்டுக்கல் இன்னும் பின்னாடி கிணத்தடியில்தானே இருக்கு?"

இருக்கிறது. கேட்கப்போகும் எல்லோருக்கும் சேர்த்து இப்போதே சொல்லிவிடுகிறேன். அதன் மேல் துவைத்த துணியை வைக்கிறோம். குழிக்குள் தேங்குகிற மழைத்தண்ணீரைக் காக்கா குடிக்கிறது. அதற்கு வேலை இருக்கிறது. நான் சொல்வதாகச் சொன்ன செய்முறையும் இதுதான்: இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுங்கள். விற்பதற்கில்லை, மெழுகுவத்தி மிதப்பதற்கில்லை, சணலும் போதாது. தயவுசெய்து போன் பண்ண வேண்டாம்.