‘கிழக்கால’: கடலூர் சிப்காட் வழக்கை முன்வைத்து ஒரு திசைச்சொல் ஆய்வு

தலைப்பைக் கண்டதும் புலவர்கள் எழுந்துவிடுவார்கள். தொல்காப்பியம் சொல்லும் திசைச்சொல் வட்டாரச் சொல்லே ஒழிய, திசையைக் குறிக்கும் சொல் அன்று என்பார்கள். சரி, உட்காரலாம். அங்கே வடசொல் என்றும் ஒரு வகை உண்டு. சிப்காட் தொழிற்பேட்டையின் வட எல்லை பச்சையாங்குப்பம் ஆதலால் அவ்வூரார் பேசுவதெல்லாம் வடசொல் என்று நிறுவி யாரேனும் முனைவர் பட்டம் வாங்கலாம். இதைவிட மெலிந்த சான்றுக்கும் வாங்கியிருக்கிறார்கள்.

தெற்கு: சிதம்பரம் பஸ் போகும் பக்கம். வடக்கு: அதே பஸ் திரும்பி வந்தால் போகும் பக்கம்.

மற்ற இரண்டும் மேல், கீழ் என்பவற்றில் பிறந்தவை. மேற்கே மலை, கிழக்கே கடல் என நாடு சரிவதே காரணம் என்பர். அப்படியானால் சிதம்பரம் மேல வீதியில் விட்ட எலுமிச்சம்பழம் கீழ வீதிக்கு உருண்டு வரவேண்டும். நடுவே நடராசர் கோயில் நிற்பதால் சோதனை நிலுவையில் உள்ளது (மேல வீதிப் பூக்கார ஆயா உரை: “பழத்த வச்சிட்டு அந்தாண்ட போ”).

இனி ‘கிழக்கால’. அகராதிப்படி ஞாயிறு எழும் பக்கம். சிதம்பரம் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையே ஆலைகள் நிற்பதால், சாலைக்கு மேற்கே குடியிருப்பவர் “கிழக்கால அடிக்குது” என்றால் அது ஞாயிற்றைச் சொன்னதன்று. கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, தெற்கே தென்றல், வடக்கே வாடை எனக் காற்றுக்கு நான்கு பெயர் வைத்தனர் முன்னோர். இங்கே எப்பக்கமிருந்து வந்தாலும் வாடைதான். 2004இல் ஊர்க்காரர்களே கண்காணிப்புக் குழு அமைத்து, காற்றைப் பக்கெட்டில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பக்கெட்டில் இருந்தது கொண்டலா கோடையா என்று எந்தத் தமிழ்த்துறையும் விசாரிக்கவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில், கடலோரத்தில் இருப்பவர்களுக்கோ அதே ஆலைகள் ‘மேக்கால’. இங்கேதான் மொழியியல் நெருக்கடி. மெல்லினம் பிறக்கும் இடம் மூக்கு என்கிறது நன்னூல். மூக்கைப் பொத்தினால் மகரம் பகரமாகிறது. ‘மேக்கால’ என்பது ‘பேக்கால’ ஆகிறது. ‘கிழக்கால’வில் மெல்லினமே இல்லாததால் எவ்வளவு இறுகப் பொத்தினாலும் சிதைவதில்லை. ஆகவே சாலையோரக் கிளைமொழியே தூயது என்பது எம் துணிபு (டீக்கடைப் பெஞ்சு, மேற்குக் கோடி, இரண்டாம் கிளாஸ், காற்று திரும்பியதும் உரையாசிரியர் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதால் எஞ்சிய உரை கிடைத்திலது).