சைலஸ் மார்னரை விடிவதற்குள் முடிப்பது எப்படி?

மாணவச் செல்வங்களே! நாளைக் காலை ஆங்கிலத் தேர்வு. நாவல் இன்னும் முதுகு மடங்காமல் அலமாரியில் நிற்கிறது. நல்லது, சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறீர்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஜார்ஜ் எலியட்டின் ‘சைலஸ் மார்னர்’ நாவலை வைத்துக்கொள்வோம். 1861இல் வெளிவந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு சிபிஎஸ்இ பிளஸ் டூ ஆங்கிலத்தில் இதையும் எச்.ஜி. வெல்ஸின் ‘தி இன்விசிபிள் மேன்’ நாவலையும் வைத்து, இரண்டில் ஒன்றைப் படிக்கச் சொன்னார்கள். வெல்ஸ் நாவலில் ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டான். எலியட் நாவலில் கதை கண்ணுக்குத் தெரியவே சில அத்தியாயங்கள் ஆகும். இப்போது இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அதனால் என்ன? எந்த வாரியம் எந்த நாவலை வைத்தாலும் இந்த முறை செல்லும்.

1. புத்தகத்தைப் பள்ளி திறந்த வாரத்திலேயே வாங்குங்கள். பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பெயரும் பிரிவும் அழகாக எழுதுங்கள். பிறகு மார்ச் வரை தொடாதீர்கள். நடுவில் அப்பா கேட்டால் “போயிக்கிட்டிருக்குப்பா” என்று சொல்லுங்கள். எங்கே போகிறது என்று அவர் கேட்கமாட்டார்.

2. நாவலில் 21 அத்தியாயம், கடைசியில் சின்னதாக ஒரு முடிவுரை. நாளுக்கு ஒன்று படித்தால் 22 நாளில் முடிந்துவிடும். இது ஆபத்தான கணக்கு. யாரிடமும் சொல்லாதீர்கள். படிப்பதற்குப் பதில் டைம்டேபிள் போடுங்கள். சார்ட் பேப்பர் வாங்கி, பிசிக்ஸுக்கு நீலம், கெமிஸ்ட்ரிக்குப் பச்சை, மேத்ஸுக்குச் சிவப்பு என்று கட்டம் கட்டுங்கள். நாவலுக்கு நிறம் மிஞ்சாது. பென்சிலால் எழுதுங்கள், அழிக்கவும் வசதி. கோடு கோணலாகப் போனால் புது சார்ட் வாங்கி மறுபடி தொடங்குங்கள். ஸ்டடி லீவு முழுவதும் டைம்டேபிளே போட்டவர்கள் உண்டு; கட்டம் கட்டுவதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது.

3. முதல் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். ஆனால் அதை விடாமல் படியுங்கள். லாண்டர்ன் யார்டில் சபைப் பணத்தைத் திருடியதாக நெசவாளி மார்னர்மீது பழி விழுகிறது. குற்றவாளி யார் என்று சபையார் சீட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். சீட்டு மார்னரைக் காட்டிவிடுகிறது. மனிதர் மனம் வெறுத்து ஊரைவிட்டுப் போகிறார். அந்த இடத்தில் உங்களுக்குக் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு ஞாபகம் வரும், எழுந்து போவீர்கள். திரும்பி வந்தால் விட்ட இடம் தெரியாது. ஆகவே முதல் வரியிலிருந்து தொடங்குங்கள். பாவம், மார்னர் தம் வாழ்நாளில் ஒருமுறைதான் பழி சுமந்தார். உங்கள் வீட்டில் அவருக்கு வாராவாரம் சீட்டு விழும்.

4. மஞ்சள் ஹைலைட்டரை முதல் சொல்லில் வைத்து, எடுக்காமல் இழுங்கள். எது முக்கியம் என்று பிரித்துப் பார்ப்பது நேர விரயம்.

5. கடைசி இரவில் பத்து மணிக்கு உட்காருங்கள். பத்தேகாலுக்கு, அதிகாலையில் படித்தால்தான் மனத்தில் நிற்கும் என்ற உண்மை உங்களுக்குத் தெரியவரும். மூன்று மணிக்கு அலாரம் வைத்துப் படுங்கள். மூன்றே கால், மூன்றரை, மூன்றே முக்காலுக்கும் வையுங்கள். நான்கும் அடித்து முடிந்ததும் அம்மா எழுந்துவிடுவார். அவர் எழுந்ததால் வீட்டில் யாரோ ஒருவர் விழித்திருக்கிறார் என்ற நிம்மதியோடு நீங்கள் தூங்கலாம்.

6. தூங்காமல் ஆறாம் அத்தியாயம்வரை வந்துவிட்டவர்களுக்கு: அங்கே தூங்கிவிடலாம். மார்னர் பல ஆண்டுகள் சேர்த்து வைத்த தங்கம் திருடுபோய்விட்டது. ஐந்தாம் அத்தியாயத்திலேயே அலறிக்கொண்டு மழையில் ஓடுகிறார். ரெயின்போ சாராயக்கடைக்கு அவர் வந்து சேர்வதோ ஏழாம் அத்தியாயத்தில். நடுவில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து ஒரு பசுவைப் பற்றி வழக்கடிக்கிறார்கள். பசு முடிந்ததும் ஒரு பழைய கல்யாணக் கதை. அதற்குப் பிறகு பேய் உண்டா இல்லையா. (டீக்கடை பெஞ்சில் காது கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்தப் புத்தகத்திலேயே சிரிப்பான இடம் இதுதான். ஆனால் சிரித்ததற்கு மார்க் போடும் திட்டம் எந்த வாரியத்திலும் இல்லை.)

7. முக்கியமான எச்சரிக்கை. பன்னிரண்டாம் அத்தியாயத்தின் பக்கமே போகாதீர்கள். புத்தாண்டுக்கு முந்தைய இரவு, எங்கும் பனி. அபினி மயக்கத்தில் ஒரு தாய் வழியில் விழுந்து இறந்துபோகிறாள். கையிலிருந்து நழுவிய குழந்தை வெளிச்சம் தெரிந்த வாசலுக்குள் தத்தித் தத்திப் போய் மார்னரின் கணப்புக்கு முன்னால் தூங்கிவிடுகிறது. கண் சரியாகத் தெரியாத மார்னர் பொன்னிறமாக எதையோ பார்த்து, போன தங்கம் திரும்பிவிட்டது என்று கையை நீட்டுகிறார். விரலில் மெத்தென்று சுருட்டை முடி படுகிறது.

இங்கே உங்கள் கை தானாக அடுத்த பக்கத்தைப் புரட்டப் பார்க்கும். விடாதீர்கள்! இத்தனை நேரம் கொட்டாவி விட வைத்தவர் இதற்காகத்தான் அவ்வளவு நிதானமாக வந்தாரோ என்று ஒரு சந்தேகம் தட்டும். அதை வளரவிட்டால் நாவலை முடித்துவிடுவீர்கள். பிறகு வகுப்பில் யாருடனும் சேர்ந்து புலம்ப முடியாது. உடனே மூடிவிட்டுப் போனை எடுங்கள்.

8. போனில் ‘முழு நாவலும் ஒரே வீடியோவில்’ என்று தேடுங்கள். இரட்டிப்பு வேகத்தில் ஓடவிடுங்கள். புரியாது. இன்னொரு வீடியோ பாருங்கள். அதன் சுருக்கத்தைப் படியுங்கள். சுருக்கத்துக்கு நண்பன் எழுதிய நோட்ஸைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவன் கையெழுத்து புரியவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் “மச்சி, நாவல்ல எதுடா வரும்?” என்று போடுங்கள். “எல்லாமே இம்பார்டன்ட்டாம்” என்று பதில் வரும். இதற்குள் மீதிப் பத்து அத்தியாயத்தையும் படித்திருக்கலாம். அந்த நினைப்பு வந்தால் முகம் கழுவிக்கொள்ளுங்கள்.

9. சினிமாவும் உதவும். பென் கிங்ஸ்லி மார்னராக நடித்த 1985ஆம் ஆண்டுப் படத்தைத் தவிர்த்துவிடுங்கள். அதில் நாவலே இருக்கிறது. 1994இல் ஸ்டீவ் மார்ட்டின் எழுதி நடித்த ‘எ சிம்பிள் ட்விஸ்ட் ஆஃப் ஃபேட்’ படத்தைப் பாருங்கள். கதை அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது, நெசவாளி மரச்சாமான் செய்பவராகிவிட்டார். அப்படியே எழுதுங்கள். தறி இருக்க வேண்டிய இடத்தில் இழைப்புளியைப் பார்த்ததும், கட்டுக் கட்டாகத் திருத்திச் சலித்திருக்கும் ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

10. இனி தேர்வு அறை. நாவலுக்கு இரண்டு கேள்வி வந்த காலத்தில் ஒவ்வொன்றும் ஆறு மார்க், விடை 120 முதல் 150 சொல். கேள்வியைப் படித்துக் குழம்பாதீர்கள். மனப்பாடம் செய்தது மார்னரின் கேரக்டர் ஸ்கெட்ச் ஒன்றுதான். நாவலில் வரும் காட்ஃப்ரே காஸைப் பற்றிக் கேட்டிருந்தால், “காட்ஃப்ரே வாழ்ந்த ஊரில் மார்னர் என்றொரு நெசவாளி இருந்தார்” என்று தொடங்குங்கள். பசுவைக் கொண்டுபோய்த் தென்னை மரத்தில் கட்டிய மாணவனின் வழி அது, என்றைக்கும் கைவிடாது. நாவலாசிரியருக்குத் தயங்காமல் ஆண்பால் போடுங்கள். மேரி ஆன் எவன்ஸ் என்ற பெண்தான் ஜார்ஜ் எலியட் என்று எழுதித் தொலைத்தீர்களானால், முன்னுரையை எப்போது படித்தாய் என்று வீட்டில் சந்தேகம் வரும்.

முடிவு வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். நாவலுக்கான பன்னிரண்டு மார்க்கில் எட்டோ ஒன்பதோ வாங்கியிருப்பீர்கள். முழுக்கப் படித்துவிட்டுப் போன பக்கத்துப் பெஞ்சுக்காரரும் கிட்டத்தட்ட அதையேதான் வாங்கியிருப்பார். அவருக்கு ஆறுதல் சொல்லுங்கள். பிறகு ஜூனியர் ஒருவரைப் பிடித்துப் புத்தகத்தை விற்றுவிடுங்கள். “செம நாவல்டா, பன்னிரண்டாவது அத்தியாயம் மட்டும் மிஸ் பண்ணிடாதே” என்று சொல்லுங்கள். பாதி விலைக்குக் கேட்பான், இறங்காதீர்கள். முதல் அத்தியாயம் முழுவதும் இம்பார்டன்ட் குறித்தது. மீதி கடையில் வாங்கியபோது இருந்த அதே நிலையில் இருக்கிறது.