கிழக்கு பார்த்த வாசல்

கலிபோர்னியாவில் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியை வாடகைக்கு எடுப்பது சுலபம். ராத்திரி அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் குடும்பத் தலைவனின் மானம் இருக்கிறது.

நான் யோசெமிட்டி என்றேன். பள்ளத்தாக்கு முகாம்களுக்கு ஐந்து மாதம் முன்பே, 15ஆம் தேதி காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கும். தட்கலில் டிக்கெட் போட்டுப் பழகிய தெம்பில் உட்கார்ந்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் எல்லா இடமும் போய்விட்டது. "நல்லதாப் போச்சு" என்றாள் மனைவி. "அங்க வண்டிக்குக் கரண்டே கிடையாது. சாம்பார் வாசனைக்குக் கரடி வந்தா நீங்களா பேசி அனுப்புவீங்க?"

டெத் வேலியில் இடம் தாராளம் என்றேன். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் அடித்து உலக சாதனை படைத்த ஊர். "வெயிலுக்கு வேலூர் போதாதா மாப்பிள்ளை?" என்றார் மாமியார். பாலைவனத்து அரசு நிலங்கள் பலவற்றில் 14 நாள் வரை காசில்லாமல் தங்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். தண்ணீர், கரண்ட், சாக்கடை மூன்றும் கிடையாது என்றதும் அந்தத் தீர்மானமும் தோற்றது.

கடைசியில் பிஸ்மோ கடற்கரைப் பக்கம், மூன்றும் உள்ள ஒரு தனியார் முகாம். 30 ஆம்பியர் இணைப்பு. 120 வோல்ட்டில் 3600 வாட். கடல்காற்றுக்கு மாமியாரின் ஹீட்டர் 1500, இண்டக்ஷன் அடுப்பு 1800, மிக்ஸி 550. கூட்டிப் பாருங்கள். சட்னி அரைத்தால் ஹீட்டரை அணைக்க வேண்டும். ஹீட்டர் ஓடினால் மிளகாய்ப்பொடிதான். கழிவுத் தொட்டி என் பொறுப்பு. கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்து, குளித்த தண்ணீரைப் பின்னால் விட்டால் குழாய் தானே அலசிக்கொள்ளும். இந்தத் துறைக்கு மட்டும் வீட்டில் போட்டியே இல்லை.

வீட்டை விட்டு ஓடிவந்தும் புரோக்கரிடம் கேட்கும் கேள்விகளைத்தான் கேட்கிறோம். ஒன்றுதான் பாக்கி இருந்தது, அதையும் மாமியார் கேட்டார்: "வாசல் எந்தப் பக்கம்?"

ஆர்.வி.க்கு வாசலும் பந்தலும் வலப்பக்கம். கரண்ட், சாக்கடை இணைப்புகள் இடப்பக்கம். கிழக்கு வாசல் வேண்டுமென்றால் வண்டி வடக்கு பார்த்து நிற்க வேண்டும். முகாம் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அப்படி ஓர் இடம் பிடித்தேன். நான்கு மணிக்கு வெயில் வண்டிக்குப் பின்னால் போய்விட, பந்தலடியில் நிழலில் காபி. "இடம் பார்க்கத் தெரிந்தவர் நீங்கள்" என்று முகாம் ஊழியர் என் கையைக் குலுக்கினார். மாமியார் பக்கம் திரும்பாமலே நன்றி சொன்னேன்.

"மாப்பிள்ளை, மூலையில நிக்கிற வண்டிக்கு வாசல் தெற்கால இருக்கு. எமன் திசை. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க."

போனேன். பகல் முழுக்க வெயில் அடிக்குமே என்று மட்டும் சொன்னேன். எமனைப் பற்றி அவரே தெரிந்துகொள்ளட்டும்.